டேஷ்கேம் காட்டும் தூரம் மெய்யான தூரம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய டேஷ்கேம் கேமராக்களில் பதிவாகும் காட்சிகள், "மயிரிழையில் உயிர் தப்பினார்", "நெஞ்சைப் பதறவைக்கும் காட்சி" என்ற தலைப்புகளோடு தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்திலும் மற்றச் செய்தித் தளங்களிலும் வாரத்துக்கு இரண்டு மூன்றாவது வந்துகொண்டிருக்கின்றன. அப்படி வந்த ஒரு காட்சியால் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி, லென்ஸையும் பிம்பத்தையும் கரும்பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றவனும்கூட. அந்த இரண்டு காரணங்களாலும் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கினால் கணக்குகள் விட்டுப்போகும் என்பதால், இடமிருக்குமானால் முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

இந்த ஆண்டு ஆனிக் கடைசியில், வள்ளியூருக்குத் தெற்கே பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் இடையில் நான்குவழிச் சாலையில் சென்ற ஒரு காரின் கேமராவில் பதினோரு நொடிக் காட்சி ஒன்று பதிவானது. இடப்புறம் போய்க்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள், கார் நெருங்கும் சமயத்தில் வலப்புறமாகச் சாய்ந்து காரின் பாதைக்குள் புகுவது போலத் தெரிகிறது. கார் பிரேக் பிடித்துக் குலுங்குகிறது, ஹாரன் ஒலிக்கிறது, மோட்டார் சைக்கிள் மறுபடியும் ஓரத்துக்குப் போய்விடுகிறது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. இரண்டே நாளில் அந்தக் காட்சி, வண்டியின் எண்ணும் பின்னால் அமர்ந்திருந்த பெண்ணின் முகமும் தெரியும்படி, மாவட்டம் முழுவதும் கைப்பேசிகளில் சுற்றியது. "குடித்துவிட்டு ஓட்டுகிறான்", "பெண்டாட்டியைக் கொல்லப் பார்க்கிறான்" என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள்.

வண்டியை ஓட்டியவர் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். வாழைத்தார் கமிஷன் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மது அருந்தும் பழக்கம் அவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவரைக் கடை முதலாளி அழைத்து விசாரித்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவருடைய மகள் ஒரு வாரம் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "காத்து ஒரே தள்ளா தள்ளிட்டு சார், வண்டி எங்க போவுதுன்னே எனக்குத் தெரியல."

இந்தப் பகுதியில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வரும் மாதங்களில் பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் அது எப்படி வீசும் என்பதற்கு அங்கே காடுபோல் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய லாரி காற்றை மறைத்துவிட்டு விலகியவுடன், மறைவில் இருந்த இருசக்கர வாகனம் ஓர் அடி, இரண்டு அடி தள்ளப்படுவதை நாம் அனைவரும் அனுபவித்திருக்கிறோம். ஆனால் கேமராவில் காற்று பதிவாவதில்லை. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிக் குளிர்சாதனம் போட்ட அறைக்குள் அது ஒட்டப்பட்டிருக்கிறது. சாலையோரத்தில் வளைந்து ஆட மரங்களும் அதிகம் இல்லாத அந்தப் பொட்டலில், காட்சியைப் பார்ப்பவருக்குத் தெரிவது காரணமில்லாமல் ஆடும் ஒரு வண்டி மட்டுமே. காரணம் தெரியாத இடத்தில் மனம் ஒரு காரணத்தை வைத்துவிடுகிறது, அந்த முறை அது மதுவாக இருந்தது.

காற்றைப் பற்றி மட்டும் சொல்வதற்கு இவ்வளவு நீளமான கடிதம் தேவையில்லை. அந்தக் காட்சியில் தூரமே பொய்யாகத் தெரிந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. அதை நான் உணர்ந்தது அதற்கு முன்பே, எனக்கு நேர்ந்த வேறொரு சம்பவத்தில்.

என் காரிலும் ஒரு டேஷ்கேம் இருக்கிறது, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி மாட்டியது. சென்ற ஆண்டு நாங்குநேரியிலிருந்து திரும்பி வரும்போது மூன்றடைப்புக்குப் பக்கத்தில், பக்கச் சாலையிலிருந்து ஒரு சரக்கு வேன் திரும்பிப் பார்க்காமல் முதன்மைச் சாலைக்குள் ஏறியது. நான் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். முழு பலத்தோடு பிரேக் மிதித்து, அதன் பின்கதவுக்கு இரண்டு கை நீளத்தில் நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கக் கால்மணி நேரம் ஆனது. அன்றிரவு அந்தப் பதிவை மகனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இவ்வளவு இடம் கெடக்கே, இதுக்கா பயந்தீங்க?" என்றான். நானும் மறுபடி போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. காட்சியில் வேன் எங்கோ தொலைவில் ஏறுகிறது, என் கார் நிதானமாக வேகம் குறைத்து நிற்கிறது. சாலையில் நான் கண்டதும் திரையில் தெரிந்ததும் இரண்டு வேறு நிகழ்ச்சிகளாக இருந்தன.

ஆசிரியராக இருந்த பழக்கம் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.டி.சி. நகருக்கு அப்பால், வீடு இன்னும் எழும்பாத ஒரு மனைப்பிரிவின் தார்ச்சாலையில் காரை நிறுத்தி, பழக்கமான ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை அழைத்து, டேப் பிடித்து அளந்து, ஆட்டோவை 40 மீட்டர், 20 மீட்டர், 10 மீட்டர், 5 மீட்டர் தொலைவுகளில் நிற்கவைத்துப் பதிவு செய்தேன். பிறகு அதைக் கைப்பேசியில் படுக்கைவாட்டில் முழுத்திரையாகப் போட்டு, திரையின் மேல் அளவுகோல் வைத்து ஆட்டோவின் அகலத்தை அளந்தேன். 40 மீட்டரில் நின்ற ஆட்டோ திரையில் 2 மில்லிமீட்டர், 20 மீட்டரில் 4 மில்லிமீட்டர், 10 மீட்டரில் எட்டுக்குச் சற்று மேல், 5 மீட்டரில் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்.

இந்த நான்கு எண்களில் எல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதால் அவற்றைச் சற்று விரிக்க அனுமதிக்க வேண்டும். ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர். நாம் கைப்பேசியைக் கண்ணிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறோம். அந்தத் தூரத்தில் 4 மில்லிமீட்டராகத் தெரியும் ஒரு பொருள், நேரில் ஓர் ஆட்டோவாக இருக்குமானால், அது நம்மிடமிருந்து கிட்டத்தட்ட 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதாவது உண்மையில் இருபது மீட்டரில் நின்ற வண்டி, கைப்பேசியில் பார்ப்பவரின் கண்ணுக்கு நூறு மீட்டரில் நிற்கும் வண்டியின் அளவில் தெரிகிறது. என் மகன் கண்ட "இவ்வளவு இடம்" எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

காரணம் லென்ஸ். டேஷ்கேம்களில் பொருத்துவது அகன்ற கோண லென்ஸ். சாலையின் இரு ஓரங்களையும் ஒரே காட்சிக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக 120 பாகை, 140 பாகை, சிலவற்றில் 170 பாகை என்றுகூட அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். அதை அகலமாகப் பார்ப்பது நல்லது என்று வாங்குபவர் நினைக்கிறார், அதில் தவறில்லை. ஆனால் என் கேமரா கிடைமட்டத்தில் விழுங்கும் 120 பாகை உலகம், 14 சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசித் திரையில், கண்ணுக்கு வெறும் 26 பாகைக்குள் திணிக்கப்படுகிறது. நான்கரை மடங்குச் சுருக்கம். அந்தப் படத்தை அது எடுக்கப்பட்ட விகிதத்திலேயே பார்க்க வேண்டுமானால் கைப்பேசியைக் கண்ணிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும். எந்த மனிதக் கண்ணாலும் அப்படிப் பார்க்க முடியாது.

சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏமாற்றுவதில்லை என்பதுதான் இதில் கொடுமையானது. அந்த எண்களை மறுபடி பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நின்றிருக்கும் ஆட்டோவை நெருங்கும்போது 40 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வர 1.2 நொடி ஆகிறது. அந்த நேரத்தில் திரையில் ஆட்டோ 2 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. 10 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு வர 0.3 நொடி, அதற்குள் 8 மில்லிமீட்டருக்கும் மேல் வளர்கிறது. நேரிலும் பொருட்கள் நெருங்க நெருங்கத்தான் வேகமாகப் பெரிதாகும். ஆனால் நேரில், தொலைவில் இருக்கும்போதே அந்த வளர்ச்சி கண்ணுக்குப் பிடிபடும் அளவில் இருக்கிறது. திரையிலோ அது எறும்பளவில் நடந்துமுடிந்துவிடுகிறது. கடைசி அரை நொடியில் வண்டி "எங்கிருந்தோ" பாய்ந்து வந்து திரையை அடைக்கிறது. "திடீரென்று குறுக்கே வந்தான்" என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த திரையில் அப்படித்தான் நடந்தது. சாலையில், காரை ஓட்டியவர் அந்த வண்டியை அதற்குப் பல நொடிகள் முன்பிருந்தே பார்த்துக்கொண்டு வந்திருப்பார்.

இந்த லென்ஸ்களில் ஓரங்கள் இழுபடுவதும் உண்டு. நடுவில் சிறுத்துத் தெரியும் வண்டி, ஓரத்துக்கு வரும்போது பக்கவாட்டில் விரிந்து, சாய்ந்து, அகலமாகிறது. நேர்கோடுகள் வளைகின்றன. நம் காரை ஒட்டி இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒழுங்காகப் போகும் இருசக்கர வாகனம்கூட, திரையின் இடது ஓரத்தில் நம் மேல் கவிழ வருவது போலத் தோற்றமளிக்கும். ஆக, எதிரே நிகழும் மெய்யான ஆபத்து ஒன்றுமில்லாததாகவும், பக்கத்தில் நிகழும் ஒன்றுமில்லாதது பேராபத்தாகவும் தெரிகிறது. ஒரே கருவியில், ஒரே நிமிடத்தில்.

பணகுடிக் காட்சிக்குத் திரும்புகிறேன். காரின் உரிமையாளரைத் தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டு மிகவும் வருந்தினார். தன் உறவினர் குழுவில் "கவனமாகப் போங்கள்" என்ற குறிப்போடு அவர் போட்டதை யாரோ எடுத்து, வெட்டி, பெரிதாக்கி, பின்னணி இசை சேர்த்துப் பரப்பியிருக்கிறார்கள். அசல் கோப்பை அவர் அப்படியே எங்களிடம் கொடுத்தார். படுக்கைவாட்டில் இருந்த காட்சியைக் கைப்பேசிக்காகச் செங்குத்தாக வெட்டியபோது இரண்டு பக்கங்களும் போயின. கீழே இருந்த வேகமும் நேரமும் காட்டும் வரி போனது. அதோடு, பாதைகளைப் பிரிக்கும் விட்டுவிட்ட வெள்ளைக் கோடும் போனது. அசலை ஒவ்வொரு பிரேமாக, அதாவது காட்சியை உருவாக்கும் ஒவ்வொரு தனிப் படமாக, நிறுத்திப் பார்த்தால், மோட்டார் சைக்கிளின் சக்கரம் அந்த வெள்ளைக் கோட்டை ஒரு பிரேமில்கூடத் தாண்டவில்லை. கோட்டை நோக்கி வந்தது, கோட்டுக்கு இடப்புறத்திலேயே திரும்பியது. காரை ஓட்டியவர் பிரேக் பிடித்தது முற்றிலும் சரி. நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் "காருக்குக் குறுக்கே விழுந்தான்" என்று பல்லாயிரம் பேர் நம்பியது நடக்கவே இல்லை.

லென்ஸைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். கேமராவோ நடுவில், உள்கண்ணாடிக்குப் பின்னால், அவருடைய கண்ணிலிருந்து ஓரடிக்கும் மேல் இடப்புறமாக இருக்கிறது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக அம்பாசமுத்திரம் போகும் இருவழிச் சாலையில் வைக்கோல் ஏற்றிய லாரியை முந்தும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். சற்றே வலப்புறம் ஒதுங்கியதும் ஓட்டுநருக்கு லாரியைத் தாண்டி எதிர்ச்சாலை தெரிந்துவிடுகிறது. கேமராவுக்கு அப்போதும் வைக்கோல்தான் தெரிகிறது. காட்சியைப் பார்ப்பவர், எதிரில் வருவது தெரியாமலே ஏறுகிறார் என்று திட்டுகிறார். இதற்கு நேர்மாறானதும் நிகழும். முன்கண்ணாடியின் வலதுபுறத் தூண், ஒரு மோட்டார் சைக்கிளை முழுசாக ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைக்கக்கூடிய அகலம் கொண்டது. குறுக்குச் சாலையிலிருந்து வரும் வண்டி அந்தத் தூணின் மறைவிலேயே நகர்ந்துகொண்டு வந்தால் ஓட்டுநர் காணமாட்டார். கேமராவுக்கு முன்னால் தூண் இல்லை. "இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, கண் எங்கே போயிற்று?" என்று கேட்பது எளிது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாரா, தலையைத் திருப்பினாரா, பின்னால் ஒரு பேருந்து ஒட்டிக்கொண்டு வந்ததால் பிரேக்கை மெதுவாகப் பிடித்தாரா என்பதெல்லாமும் முன்நோக்கிய ஒற்றைக் கண்ணில் விழாதவை.

இருட்டில் எடுத்த காட்சிகள் இன்னும் மோசம். இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊரில், சோதனை ஓட்டத்தில் இருந்த ஊபர் நிறுவனத்தின் தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதியது. அவர் இறந்தார். காவல் துறை வெளியிட்ட கேமராக் காட்சியில் அவர் கும்மிருட்டிலிருந்து கடைசி நொடியில் தோன்றுகிறார். எந்த ஓட்டுநராலும் தவிர்த்திருக்க முடியாது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். அந்த ஊர்க் காவல் துறைத் தலைவரும் தொடக்கத்தில் அதே தொனியில்தான் பேசினார். பிறகு உள்ளூர்க்காரர்கள் சாதாரணக் கைப்பேசியோடு அதே சாலையில் இரவில் சென்று எடுத்த காட்சிகளில், அந்த இடம் விளக்கொளியில் நன்றாகவே தெரிந்தது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், காரின் உணரிகள் மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே அவரைக் கண்டுவிட்டன என்றும், காரில் இருந்த பாதுகாப்பு ஓட்டுநர் கைப்பேசியில் கவனம் வைத்திருந்தார் என்றும் கண்டறிந்தது. வெளிச்சத்தையும் இருட்டையும் ஒருசேரத் தாங்குவதில் மனிதக் கண்ணுக்கு அருகில்கூட அந்தக் கேமரா வரவில்லை. ஒரு மரணத்துக்கான பொறுப்பு, ஒரு லென்ஸின் பலவீனத்தால் சில நாட்கள் இறந்தவர் தலையிலேயே விழுந்து கிடந்தது.

நம் ஊர்ச் சாலைகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கச் சிரமமில்லை. எதிரே வரும் வண்டி முகப்பு விளக்கை உயர்த்தி வைத்திருந்தால் திரை முழுவதும் வெளுத்துப்போகிறது. அதன் அருகில் சாலையோரம் நடந்துவரும் முதியவர் காட்சியில் இல்லாமலே போகிறார். சாரல் காலத்தில் குற்றாலம் போகும் வண்டிகள் ஆலங்குளம், பாவூர்சத்திரம் தாண்டி மழைக்குள் நுழையும்போது, கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் ஒட்டிய துளிகள் காட்சியைக் கலைத்துவிட, சாலை மங்கிவிடுவதும் உண்டு.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான டேஷ்கேம்கள் ஒரு நொடிக்கு 30 படங்கள் எடுக்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. லாரியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலக் காட்சிகளில் தெரிவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். இடையில் விட்டுப்போன கணங்களால் வரும் மாயம் அது. திரையின் கீழே அச்சாகும் வேகம் ஜி.பி.எஸ். மூலம் வருவது, பொதுவாக நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. பலமாக பிரேக் பிடித்தால் ஒரே நொடியில் வேகம் 20 கிலோமீட்டருக்கும் மேல் குறையும். எனவே, மோதும் தறுவாயில் திரையில் தெரியும் "68" என்ற எண், உண்மையில் அதற்கு முந்தைய நொடியின் வேகமாக இருக்கலாம். அந்த எண்ணை வட்டமிட்டுக் காட்டி ஓட்டுநரைக் குற்றவாளியாக்குகிறார்கள்.

பார்க்கும் நம் மனமும் இதில் சேர்ந்துகொள்கிறது. காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினால், அதில் இருப்பவர் வேண்டுமென்றே செய்தார் என்ற எண்ணம் பார்ப்பவர்களுக்குக் கூடுகிறது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இயல்பான வேகத்தில் உள்ள காட்சியைச் சேர்த்துக் காட்டினாலும் அந்தச் சாய்வு குறைந்ததே தவிர முழுமையாக நீங்கவில்லை. அதே இதழில் 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு, காவலர் உடலில் அணியும் கேமராவின் காட்சியைப் பார்த்தவர்களைவிட, அதே நிகழ்ச்சியை வாகனக் கேமராவில் பார்த்தவர்கள் அந்தக் காவலரிடம் அதிக உள்நோக்கத்தைக் கண்டார்கள் என்றது. உடல் கேமராவில் அதை அணிந்தவர் திரையில் அவ்வளவாகத் தெரிவதில்லை, வாகனக் கேமராவில் அவர் முழு ஆளாகத் தெரிகிறார் என்பதே அவர்கள் கண்ட காரணம். யாருடைய உடல் திரையில் தெரிகிறதோ அவர் மேல்தான் பழி படிகிறது. நம் சாலைக் காட்சிகளில் காரை ஓட்டுகிறவர் ஒருபோதும் தெரிவதில்லை. தெரிகிறவர்கள் எப்போதும் எதிரில் இருப்பவர்கள்தான், அதாவது இருசக்கர வாகனக்காரர், ஆட்டோக்காரர், ஆடு ஓட்டிச் செல்பவர், பள்ளிப் பிள்ளை. கார் வாங்கவும் கேமரா வாங்கவும் வசதியுள்ளவரின் கண்ணில் இருந்து, அந்த வசதி இல்லாதவர்களை நாம் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் நானும் கார் வைத்திருப்பவன்.

டேஷ்கேம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காரிலிருந்து அதைக் கழற்றவும் இல்லை. சிக்னலில் எந்த விளக்கு எரிந்தது, எந்த வண்டி முதலில் திரும்பியது, இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்பவற்றில் அதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது. அளந்து பார்க்க மனமிருந்தால் தூரத்தையும் வேகத்தையும்கூட அதிலிருந்து எடுக்க முடியும். சம்பவ இடத்துக்குப் போய், சாலையில் உள்ள விட்டுவிட்ட கோடுகளின் நீளத்தை டேப்பால் அளந்து, வண்டி ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குப் போக எத்தனை பிரேம் ஆனது என்று எண்ணினால், அச்சாகியிருக்கும் வேகத்தைவிட நம்பகமான வேகம் கிடைக்கும். பணகுடியில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். மயிரிழையா, மூன்று முழமா என்பதைச் சொல்லும் தகுதி அந்த அளவீட்டுக்குத்தான் உண்டு, கண்மதிப்புக்கு இல்லை.

சட்டம் இதில் நம்மைவிட எச்சரிக்கையாக இருக்கிறது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, முறையான சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்புடன் கூடிய சான்றிதழைக் கேட்கிறது. அரசே போக்குவரத்து விதிமீறலைப் பிடிக்கப் பயன்படுத்தும் கருவிகளுக்கு, டேஷ்போர்டு கேமரா உட்பட, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அரசின் கேமராவுக்கே இவ்வளவு நிபந்தனை இருக்க, யாரோ வெட்டி ஒட்டிய பதினோரு நொடிக் காட்சி, ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்க எந்தச் சான்றிதழும் இல்லாமல் போதுமானதாக இருக்கிறது.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். இத்தகைய காட்சியை வெளியிடும் முன் அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடமாவது அதில் இருக்கட்டும். பெரிதாக்கியும் மெதுவாக்கியும் காட்டாதீர்கள், காட்டியே ஆக வேண்டுமென்றால் அப்படிச் செய்ததைத் திரையிலேயே எழுதுங்கள். அகன்ற கோண லென்ஸில் தூரமும் நெருக்கமும் மாறித் தெரியும் என்ற ஒரு வரி, புகையிலை எச்சரிக்கையைப் போல எல்லாக் காட்சியிலும் இடம்பெறட்டும். திரையில் தெரியும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் வண்டி எண்ணையும் முகத்தையும் மறைத்துவிடுங்கள். காவல் துறையினருக்கும் இதே வேண்டுகோளை வைக்கிறேன். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த காட்சியை வைத்து ஒருவரை அழைத்து விசாரிக்கும் முன், நினைவட்டையில் உள்ள மூலப் பதிவைக் கேட்டுப் பெறுவது கடினமான காரியமில்லை. அந்த கேமராக்கள் பழைய பதிவுகளை அழித்துக்கொண்டே புதியதை எழுதுபவை என்பதால், சில நாட்கள் தாமதித்தால் மூலமே இல்லாமல் போய்விடும்.

என் மாணவரின் காட்சி இன்றும் இரண்டு செய்தித் தளங்களில் அவருடைய வண்டி எண்ணோடு இருக்கிறது. அவற்றின் அலுவலகங்களுக்கு நாங்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பினால், அசல் கோப்பையும் நாங்கள் எடுத்த அளவுகளையும் காட்டத் தயாராக இருக்கிறேன். ஆட்டோவும் டேப்பும்கூடத் தயாராக உள்ளன. புரட்டாசி முடிவதற்குள் வந்தால் நல்லது, பணகுடிக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய் வரலாம். அதற்குப் பிறகு அங்கே காற்று அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.